சங்கத்துக் கணிப்பொறியும் அது உண்ணும் மின்சாரமும்

ஜவ்வாது மலைக்குக் கணிப்பொறி புதிதன்று. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் காவலூரை அடைந்ததும் மரங்களுக்கு மேலே வெண்ணிறக் கூடங்கள் தலை நீட்டக் காண்பார்கள். அது வைணு பாப்பு வானோக்கு நிலையம். 1968-ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் அங்கு வேலை தொடங்கிற்று. 1972-இல் ஜெர்மனியில் ஜெனா நகரத்துக் கார்ல் ஸைஸ் தொழிற்சாலை செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி 1986 ஜனவரி 6 அன்று தொடங்கி வைத்தார். வானத்திலிருந்து வந்த ஒளியைக் கணக்கிட்டுப் பிரித்தறிவதற்காக அந்த நாட்களில் அங்கு வாக்ஸ் 11/780 என்னும் கணிப்பொறி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அது பீரோ பீரோவாக வரிசையில் நிற்கும் யந்திரம். பல ஆயிரம் வாட் மின்சாரத்தை விழுங்குவது. குளிரூட்டிய அறையில்லாமல் வேலை செய்யாதது. அவ்வளவு இருந்தும் அதன் இதயம் விநாடிக்கு ஐம்பது லட்சம் முறைதான் துடித்தது.

இன்று நம் சங்க அலுவலகத்து மேஜையின் கீழே கால் வைக்கும் இடத்தில் தூசி படிந்து கிடக்கும் பெட்டியின் இதயம் விநாடிக்கு முந்நூறு கோடி முறை துடிக்கிறது. அது உண்ணும் மின்சாரமோ ஒரு பழைய குண்டு விளக்கின் அளவுதான். சில பெட்டிகள் அதிலும் பாதி. 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே சொந்தச் செலவில் யந்திரம் வாங்கி வைத்த நெசவாளர் சங்கங்களும் மலைவாழ் மக்கள் சங்கங்களும் உண்டு. ஆகவே பேரேடு, தினசரி, இருப்புப் புத்தகம் யாவும் பெட்டிக்குள் குடிபுகுந்துவிட்டன. தறி வைத்திருப்பவன் தன் தறியின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி அறிவான். ஏர் வைத்திருப்பவனும் அவ்வாறே. தம் பணக் கணக்கை விழுங்கி வைத்திருக்கும் இந்தப் பெட்டியின் உறுப்புகளை மட்டும் அங்கத்தினர் அறியாமலிருப்பது எங்ஙனம் பொருந்தும்?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மலைமேல் உள்ள ஒரு சங்கத்தில் அது நடந்தது. ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே.

புளிப் பருவம். அங்கத்தினர்கள் புளியையும் கடுக்காயையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து எடை போட்டு, ரசீது பெற்றுச் செல்வார்கள். வாரக் கடைசியில் பணம் பட்டுவாடா ஆகும். கோடை இடிக்கு அஞ்சிய காவற்காரர் ஒவ்வொரு நாள் மாலையிலும் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது வழக்கம். ஒரு நாள் காலை குமாஸ்தா யந்திரத்தை முடுக்கியபோது, கறுப்புத் திரையில் ஏதோ நான்கு வரி தோன்றி, ஒரு விசையை அழுத்தும்படி கேட்டது. அவர் அழுத்தினார்; வேலை தொடர்ந்தது. மறுநாளும் அதே வரிகள், அதே விசை. மூன்றாம் நாள் அவருக்கு அது பழகிப்போய்விட்டது. இடையில் அரசாங்க இணையதளம் எதுவும் திறக்கவில்லை; "இணைப்பு பாதுகாப்பானதன்று" என்று திரை எச்சரித்தது. கீழிருந்து வரவழைத்த பழுது பார்ப்பவர் கம்பி இணைப்பைக் குறை சொல்லிவிட்டுப் போனார். வந்த இன்னொருவர் யந்திரம் பழையதாகிவிட்டது, புதிது வாங்குவதே மேல் என்றார். நிர்வாகக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் புதிய யந்திரம் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

பட்டுவாடா நாளன்று நாம் அங்கு இருந்தோம். வயதான அம்மையார் ஒருவர் வரிசையில் வந்து நின்றார். குமாஸ்தா பட்டியலைப் பார்த்தார்.

"உங்க பேரு லிஸ்டுல இல்லியேம்மா."

"இல்லேன்னா எப்படி தம்பி? நீதானே எடை போட்டுச் சீட்டு குடுத்தே?"

அம்மையார் சுருக்குப் பையை அவிழ்த்துச் சீட்டை எடுத்து நீட்டினார். பெயர் சரியாக இருந்தது, எடை சரியாக இருந்தது, கையெழுத்தும் குமாஸ்தாவினுடையதே. தேதி மட்டும் 1-1-2012 என்று அச்சாகியிருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தத்தம் சீட்டை விரித்தார்கள். எல்லாச் சீட்டிலும் அதே தேதி. ஆறு நாட்கள் கொள்முதல் செய்த புளி முழுவதும், பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரே ஒரு புத்தாண்டு நாளின் கணக்கில் போய் அடைந்து கிடந்தது. ரசீதின் தேதியை அந்த ஆறு நாளும் ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே வந்து அந்த ரசீதுகளைக் கையில் வைத்துப் புரட்டிய நாமும் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

குற்றவாளி யார் என்பதை அறியப் பெட்டியைத் திறக்கவேண்டும். திறப்பதற்கு முன் மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பெட்டியின் பின்புறம், கம்பி நுழையும் இடத்தில், தகரக் கூடு ஒன்று இருக்கும். காற்றாடி ஒன்றும் அதில் சுழலும். கடைத்தெருவில் இதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். மின்வாரியம் தரும் 230 வோல்ட் மாறு மின்சாரம் பெட்டியின் மற்ற உறுப்புகளுக்கு நஞ்சு. அவை வேண்டுவன 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர் மின்சாரம். இந்தத் தகரக் கூடு முதலில் 230-ஐ ஏறத்தாழ 325 வோல்ட் நேர் மின்சாரமாக்கிச் சேமக்கலம் ஒன்றில் தேக்கிக்கொள்கிறது. பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளாக வெட்டிச் சிறியதொரு மின்மாற்றியின் வழியே அனுப்பி, வேண்டிய அளவுக்குத் தாழ்த்துகிறது. துண்டுகள் அவ்வளவு வேகமாக வருவதால்தான் மின்மாற்றி கைக்குள் அடங்குமளவு சிறியதாக இருக்க முடிகிறது. பழைய ரேடியோப் பெட்டியின் மின்மாற்றி எவ்வளவு கனம் என்பது அதைத் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சேமக்கலம் மலைச்சரிவிலுள்ள சிறு குட்டையைப் போன்றது. வாய்க்கால் நின்றாலும் குட்டையில் உள்ளவரை பாசனம் நடக்கும். ஆனால் இந்தக் குட்டையின் கொள்ளளவு மிக அற்பம்: ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் சுமார் பதினாறு, பதினேழு பங்கு நேரம்தான் அது தாங்கும். விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும்போது கணிப்பொறி சில சமயம் தப்புவதும் சில சமயம் அணைந்து போவதும் இதனால்தான். யு.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி வரி மின்சாரம் போனதை உணர்ந்து தன் மின்சாரத்தைக் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம், இந்தப் பதினாறு பங்குக்குள் அடங்கியிருப்பதால்தான் யந்திரம் அணையாமல் ஓடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். பழையதாகிச் சேமக்கலம் உப்பிப் போய்விட்டால், நல்ல யு.பி.எஸ். இருந்தும் யந்திரம் அணையும். குற்றம் யு.பி.எஸ்.-மேல் விழும், அதை மாற்றுவார்கள், மறுபடியும் அணையும். இப்படி வீண் செலவு செய்த சங்கங்களை நாம் அறிவோம்.

இந்தக் கூடு வாங்குவதையெல்லாம் கொடுப்பதில்லை. ஒரு பங்கைத் தானே வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய மலிவான கூடுகள் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இவ்வாறு தரகு எடுத்துக்கொண்டன. 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய '80 பிளஸ்' என்னும் முத்திரை, நூற்றுக்கு எண்பதாவது மறுபக்கம் போய்ச் சேரவேண்டும் என்று விதித்தது. வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள். பெரிய வாட் எண் போட்ட கூடுதான் உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டாம். நாற்பது வாட் உண்ணும் யந்திரத்துக்கு அறுநூறு வாட் கூடு, கைப்பிடி சாமைக்கு வண்டி பூட்டுவது போன்றது. மிகக் குறைந்த சுமையில் அதன் தரகு விகிதம் ஏறும்.

இனித் தாய்ப்பலகை. அகன்ற பச்சைப் பலகை. மற்றவையெல்லாம் அதன்மேல் குந்தியிருக்கும். நடுவில் உலோகச் சிறகுகளும் காற்றாடியும் மூடிய இடத்தின் கீழே இருப்பது செயலி. அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய பட்டைகள் நினைவகம். மின்சாரம் நின்ற கணமே அவை அனைத்தையும் மறந்துவிடும். குமாஸ்தா தட்டி முடித்து, இன்னும் சேமிக்காமல் விட்ட வவுச்சர் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது. சேமித்தது வட்டுக்குப் போகிறது. வட்டு இரண்டு விதம். தட்டு சுழலும் பழைய விதம் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்த எழுத்து அரைகுறையாகும். தூசியும் அதிர்ச்சியும் ஆகாது. அசையும் உறுப்பே இல்லாத புது விதத்தைச் சுருக்கமாக எஸ்.எஸ்.டி. என்கிறார்கள். அது உண்பதும் குறைவு. எழுப்பினால் உடனே எழுகிறது. சங்கத்திற் பழைய யந்திரம் இருந்து, பணம் சொற்பமாகவே இருந்தால், முதலில் மாற்றவேண்டியது இந்த வட்டைத்தான் என்பது நமது கருத்து. இருந்தாலும் புது வட்டும் ஒரு நாள் சாகும். சாகுமுன் எச்சரிக்காமலும் சாகும். ஆதலால் நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பதை அது நீக்கிவிடாது.

செயலி மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் விதத்தை நெசவாளர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கணிப்பொறியின் மூதாதையரில் ஒன்று தறிதான் என்பதையும் இங்கே நினைவூட்டலாம். 1804-ஐ ஒட்டிப் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் இழைகளை ஆணையிட்டுத் தூக்கும் பெட்டியைச் செய்தார். அதே துளை அட்டை 1890-இல் அமெரிக்க மக்கள் கணக்கெடுப்பில் எண்ணும் யந்திரத்திற்குப் பயன்பட்டது. இந்த மலையில் பிறக்கும் கமண்டல நாகநதியின் கரையில் உள்ள ஆரணியில் பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு பெட்டி வைத்து நெய்பவர்கள், துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே சொல்லால் கொடியும் அன்னமும் பிறப்பதைத் தினமும் பார்க்கிறார்கள். செயலிக்கும் அந்த இரண்டு சொல்தான் மொழி.

தார் தீர்ந்து, அடுத்த தார் வரும்வரை நெசவாளர் வெறும் மிதியை மிதித்துக்கொண்டிருப்பதில்லை. முன்னாளில் மேஜைக் கணிப்பொறிகள் அப்படித்தான் வெறும் மிதி மிதித்தன. குமாஸ்தா காப்பி குடிக்கப் போயிருந்தாலும் செயலி முழு வேகத்தில் சும்மா சுற்றியது. இப்போதுள்ள செயலி இரண்டு வழியில் தன்னைக் கட்டுப்படுத்துகிறது. வேலை குறைந்தால் துடிப்பின் வேகத்தைக் குறைத்து, கூடவே தான் வாங்கும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்கிறது. இரண்டாவதுதான் பெரிய லாபம்: துடிப்பு குறைந்த அளவுக்குச் செலவு குறையும், அழுத்தம் பாதியானாலோ செலவு கால்வாசியாகிவிடும். வேலையே இல்லாவிடில் தன் உள்ளறைகளை ஒவ்வொன்றாக அணைத்து உறங்குகிறது. விசைப்பலகையில் இரண்டு எழுத்தைத் தட்டுவதற்கு இடையிலேயே அது பலமுறை உறங்கி விழிக்கிறது என்றால் நம்புவீர்களா? ஆகவே "முழுத் திறன்" என்று அமைப்பில் ஒரு வார்த்தை இருப்பதைக் கண்டு அதைத் தேர்ந்தெடுத்து வைப்பது கணக்கு எழுதும் சங்கத்துக்குத் தேவையற்றது; "சமநிலை" என்பதே போதும்.

இவ்வாறு யந்திரத்தின் உறக்கத்தை ஆளும் பொது விதிகள் 1992 முதல் வகுக்கப்பட்டு வந்தன. அந்த ஆண்டில்தான் அமெரிக்க அரசு 'எனர்ஜி ஸ்டார்' முத்திரையைக் கொண்டுவந்தது. முதலில் முத்திரை பெற்றவை கணிப்பொறியும் திரையுமே. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா என்னும் மூன்று ஸ்தாபனங்கள் சேர்ந்து வெளியிட்ட விதித்தொகுப்பு, உறக்கத்தைப் படி படியாக வகுத்தது. அவற்றில் அங்கத்தினரும் குமாஸ்தாவும் அறியவேண்டியவை இரண்டு.

ஒன்று கோழித்தூக்கம். நினைவகத்துக்கு மட்டும் சொட்டு மின்சாரம் கொடுத்து மற்றதையெல்லாம் அணைப்பது. இரண்டொரு வாட்டில் அடங்கும். தட்டினால் சில விநாடிகளில் விட்ட இடத்திலிருந்து விழிக்கும். ஆனால் அந்தச் சொட்டு மின்சாரமும் நின்றால் நினைவிலிருந்தவை போய்விடும். மற்றொன்று ஆழ்ந்த உறக்கம். நினைவகத்தில் உள்ளதையெல்லாம் வட்டில் எழுதி வைத்துவிட்டு முற்றும் அணைவது. விழிக்கச் சற்று நேரமாகும், மின்சாரம் எத்தனை நாள் நின்றாலும் கவலையில்லை. இரண்டையும் கலந்த மூன்றாவது ஏற்பாடும் உண்டு: வட்டிலும் எழுதி வைத்து, கோழித்தூக்கமும் போடுவது. மின்சாரம் இருந்தால் சட்டென்று விழிக்கும். போயிருந்தால் வட்டைப் பார்த்து நினைவுகொள்ளும். மின்சாரம் நிலையில்லாத மலைப்புறச் சங்கத்துக்கு இக்கலப்பு உறக்கமே உகந்தது. பத்து நிமிஷம் தொடாவிட்டால் திரை அணையவும், அரை மணி தொடாவிட்டால் யந்திரம் உறங்கவும் அமைத்து வைத்தால் போதும்.

மாலையில் "நிறுத்து" என்று ஆணையிட்டால் எல்லாம் நின்றுவிட்டது என்று எண்ணுகிறோம். அதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், நிறுத்தும்போது அடிப்படை மென்பொருளின் நினைவை வட்டில் எழுதி வைத்து, மறுநாள் விரைவில் எழும் ஏற்பாடு வழக்கமாகிவிட்டது. நேற்றைய கோளாறு இன்றும் அப்படியே தொடர்வதற்கு அது காரணமாகலாம். யந்திரம் ஏதேனும் முரண்டு செய்தால் "நிறுத்து" என்பதைவிட "மறுதொடக்கம்" என்பதே உண்மையான புதுத் தொடக்கம் தரும்.

நிறுத்திய பிறகும் எஸ்.எம்.பி.எஸ். முழுதும் ஓய்வதில்லை. 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பிலிருந்து, சுவரில் சுவிட்சு போட்டிருக்கும்வரை தாய்ப்பலகைக்கு ஐந்து வோல்ட்டில் ஒரு சிறு காவல் மின்சாரம் எப்பொழுதும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்புறப் பொத்தானை அழுத்தியதை உணர்வது அதுவே. தேதியும் மணியும் காட்டும் கடிகாரத்துக்கு அன்னமிடுவதும் அதுவே. சுவர்ச் சுவிட்சையும் அணைத்துவிட்டால்? அப்போது கடிகாரம், தாய்ப்பலகையில் எட்டணாக் காசு போலப் பதிந்திருக்கும் மூன்று வோல்ட் வில்லை ஒன்றைச் சார்ந்து நிற்கிறது. சி.ஆர். 2032 என்று அதன் மேல் பொறித்திருக்கும். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் கிடைக்கும். விலை சில பத்து ரூபாய்.

இனிக் குற்றவாளி யாரென்று சொல்லவேண்டுவதில்லை. காவற்காரர் ஒவ்வோர் இரவும் மெயினை அணைக்க, ஒவ்வோர் இரவும் கடிகாரம் வில்லையையே உண்டது. பல ஆண்டு உண்டு தீர்ந்த வில்லை ஒரு நாள் கைவிட்டது. கடிகாரம், தன்னைச் செய்தவர்கள் முதலில் வைத்த தேதிக்கு, 2012 ஜனவரி 1-க்குப் போய்விட்டது. மறுநாளும் அதே தேதிக்கே திரும்பியது. அதனால்தான் ஆறு நாள் கொள்முதலும் ஒரே நாளில் விழுந்தது. அந்தச் சங்கத்தின் கொள்முதல் மென்பொருள், யந்திரம் சொன்ன தேதியை எதிர்க் கேள்வியின்றி எடுத்துக்கொள்வது. அரசாங்கத் தளங்கள் திறக்காததற்கும் காரணம் இதுவே. ஒவ்வொரு தளமும் தான் இன்னார் என்று காட்டும் மின்னணுச் சான்றிதழ் ஒன்றை வைத்திருக்கிறது. அதற்குத் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. 2012-இல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் யந்திரம், இன்னும் பிறக்காத சான்றிதழைக் கண்டு எப்படி நம்பும்? இணையம் வழியாகக் கடிகாரம் தானே திருத்திக்கொள்ளும் என்பார்கள், உண்மைதான். ஆனால் மலையில் இணைப்பு எப்போதும் கிடைப்பதில்லை. வித்தியாசம் ஆண்டுக் கணக்கிற் போய்விட்டால் சில வேளை அந்தத் திருத்தமும் நடைபெறுவதில்லை.

காவற்காரரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. மலையில் இடி விழுவது கதையன்று. மின்கம்பி வழியாக மட்டுமின்றித் தொலைபேசிக் கம்பி, இணையக் கம்பி வழியாகவும் அதிர்ச்சி வந்து பலகையைக் கருக்கும். கோடை மழைக் காலத்தில் இரவில் கம்பிகள் எல்லாவற்றையும் பிடுங்கி வைப்பதே நல்லது. அப்படிச் செய்கிற சங்கம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வில்லையை மாற்றிவிட வேண்டும், அவ்வளவே. மாற்றிய பின் தேதியைச் சரிசெய்யும்போது, அதே உள்ளமைப்புத் திரையில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளலாம். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது யந்திரம் தானே எழவேண்டுமா, அணைந்தே இருக்கவேண்டுமா என்று அங்கு ஒரு கேள்வி இருக்கும். அணைந்தே இருக்கட்டும் என்று வையுங்கள். போன மின்சாரம் மூன்று தரம் வந்து வந்து போகும் ஊரில், ஒவ்வொரு தரமும் எழுந்து விழுவது வட்டுக்கு ஆகாது.

நில இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பல இடத்தில் சொல்லக் கேட்கிறோம். எஸ்.எம்.பி.எஸ்.-க்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு சேமக்கலங்கள் கம்பி மின்சாரத்தில் ஒரு துளியைப் பெட்டியின் தகரத்துக்கு அனுப்புகின்றன. அது நிலக் கம்பி வழியே மண்ணுக்குள் போகவேண்டியது. நிலக் கம்பி இல்லையேல் தொடுபவரின் உடல் வழியே போகப் பார்க்கிறது. பாறை நிலத்தில் கம்பத்தைப் புதைத்துவிட்டாலும் ஈரமில்லாவிடில் பயனில்லை. கோடையில் நிலக் குழிக்கு ஒரு குடம் நீர் ஊற்றுவது பழைய வழக்கம்; அந்தப் பழக்கம் மறைந்து வருகிறது. மூன்று முனைச் செருகியின் மேல் முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனைத் துளையில் திணிப்பவர்களை என்ன சொல்வது!

யு.பி.எஸ். விஷயம் பல சங்கங்களில் கோபத்துக்குரிய விஷயம். அதற்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயக் கலம் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 84 வாட்-மணி. வழியில் தேய்மானம் உண்டு. 150 வாட் உண்ணும் பழைய யந்திரத்தையும் பழைய குண்டுத் திரையையும் அது கால் மணி தாங்கினால் பெரிது. 35 வாட் உண்ணும் சிறு யந்திரத்தையும் மெல்லிய திரையையும் கொண்டு வைத்தால் அதே கலம் அரை மணிக்கு மேலும் தாங்கும். பெரிய கலம் வாங்குவதைவிடச் சிறிய பசியுள்ள யந்திரம் வாங்குவது லாபம் என்பதற்கு இதுவே கணக்கு. லேசர் அச்சு யந்திரத்தை மட்டும் இதில் மாட்டக்கூடாது. காகிதத்தில் மையைச் சுட்டு ஒட்ட அது பல நூறு வாட்டை ஒரே மூச்சில் இழுக்கும். கலம் மூச்சுத் திணறும், யாவும் அணையும். மேலும் யு.பி.எஸ். பலவற்றிலும் கணிப்பொறியோடு பேச ஒரு சிறு கம்பிக்கு இடம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கம்பி பிரிக்காத உறையிலேயே கிடக்கும். அதை இணைத்துவிட்டால், கலம் தீரப்போவதை யந்திரம் தானே அறிந்து, நினைவை வட்டில் எழுதிவிட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். குமாஸ்தா வெளியே எடை மேடையில் நிற்கும்போது மின்சாரம் போனாலும் கணக்கு காயப்படாது. கலத்தின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. வெப்பம் அதைக் குறைக்கும். செத்த கலத்தைக் குப்பையில் எறியாமல் விற்றவரிடமே திருப்பித் தரவேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைச் செய்தவர்கள்மேல் வைத்திருக்கின்றன.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 150 வாட் பழைய யந்திரம் நாளைக்கு எட்டு மணி ஓடினால் 1.2 யூனிட், ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள் என்றால் 360 யூனிட். 35 வாட் சிறு யந்திரத்துக்கு 84 யூனிட். வித்தியாசம் 276. கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாயிருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தியது. ஏறக்குறைய அந்த இரண்டு மாத அளவை, ஒரு பழைய பெட்டி தன் சோம்பலால் ஆண்டுதோறும் வெப்பமாக்கி விடுகிறது. இரவிலும் அணைக்காமல் விட்டுப் போனால் நிலைமை இன்னும் மோசம்: சும்மா இருக்கும்போது அறுபது வாட் என்று வைத்தாலும் பதினாறு மணிக்கு 0.96 யூனிட். அணைத்துவிட்டால் அதுவும் மீதி, உறங்க வைத்தாலும் ஏறக்குறைய அதே மீதி.

வெப்பம் என்றதும் மறுபடி காவலூர் நினைவுக்கு வருகிறது. அங்கே நட்சத்திர ஒளியை வாங்கும் சில்லுகளைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து வேலை வாங்கினார்கள். சில்லு தன் வெப்பத்தால் எழுப்பும் பொய் ஒளி, மெல்லிய உண்மை ஒளியை மூடிவிடும் என்பதே காரணம். நம் பெட்டிக்கு நைட்ரஜன் வேண்டாம், துடைப்பான் போதும். பஞ்சுத் தூசி பறக்கும் நெசவுக் கூடத்தில் ஓர் ஆண்டு கிடந்த பெட்டியைத் திறந்தால் செயலியின் உலோகச் சிறகுகள் கம்பளி போர்த்திருக்கும். வெப்பம் மிகும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. யந்திரம் கிழடாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது போர்வைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறது. தூசியை ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளவும். தாறுமாறாகச் சுழல விட்டால் அச்சு கெடும்.

அந்த மலைச் சங்கத்தில் அன்று மாலையே வில்லை மாற்றப்பட்டது. புதிய யந்திரம் வாங்கும் தீர்மானம் ஒத்தி வைக்கப்பட்டது. ஆறு நாட்களின் சீட்டுகளை அங்கத்தினர்களிடமிருந்து திரட்டி, எடை மேடையில் கையால் எழுதி வந்த குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, குமாஸ்தாவும் காரியதரிசியும் இரவு நெடுநேரம் உட்கார்ந்து தேதிகளைத் திருத்தினார்கள். அந்தக் குறிப்பேட்டைச் சென்ற ஆண்டே நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை வந்ததாம்; எடை போடுகிறவர் கேட்கவில்லை. பெட்டியின் உட்புறத்தில் வில்லை மாற்றிய நாளை எழுதிய துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டது. மறுநாள் அம்மையார் தம் பணத்தை எண்ணி வாங்கிச் சுருக்குப் பையில் முடிந்துகொண்டு, புதிய ரசீதை நம்மிடம் நீட்டி, அதில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார்.